கையில் சுருள், அடியில் நங்கூரம் இல்லை: இந்தப் பீங்கான் கலைத்தேவதை யார்?

தேம்ஸ்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாட்டிங்ஹாம் பக்கத்தில் ஒரு சின்ன ஏலக்கூடத்தில் இந்தப் பீங்கான் உருவத்தை எடுத்தேன். படங்களை இணைத்திருக்கிறேன்.

உயரம் 23 செ.மீ. கிரேக்க உடுப்பில் ஒரு பெண், இடுப்பை லேசாக ஒடித்து, வெட்டிய அடிமரம் ஒன்றில் சாய்ந்து நிற்கிறாள். வெள்ளை அங்கியில் சின்னச் சின்னப் பூக்கள். அதன் மேல் வெளியே இளஞ்சிவப்பும் உள்ளே மஞ்சளுமாக ஒரு மேலாடை. வலது முன்கை மடங்கி, பாதி விரித்த சுருளைப் பிடித்திருக்கிறது. கூந்தலில் பூச்சரம். பீடம் முழுக்க அலையலையான வேலைப்பாடு. அதில் பச்சைநீலமும் தங்கமும் தீட்டியிருக்கிறார்கள். அடியில் ஒட்டியிருந்த பழைய சீட்டில் 'செல்சீ, கிளியோ' என்று மையால் எழுதியிருக்கிறது. ஏலப் பட்டியலிலும் அதையே போட்டிருந்தார்கள்.

கிளியோ என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஒன்பது கலைத்தேவதைகளில் அவள் வரலாற்றுக்கு உரியவள், கையில் சுருள் இருக்கிறது. ஆனால் லண்டனின் செல்சீ பீங்கான் தொழிற்சாலை போட்ட நங்கூர முத்திரையை எங்கே தேடியும் காணோம். இது எந்தத் தொழிற்சாலை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழம்பொருளகம் எழுதியது:

நல்ல உருவம், தம்பி. முகத்தில் பழைய கை தெரிகிறது.

நங்கூரம் இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். செல்சீ தொழிற்சாலையை 1740-களின் நடுவில் தொடங்கியவர்களில் முக்கியமானவர் நிக்கோலஸ் ஸ்பிரிமான்ட், லீஜ் நகரிலிருந்து வந்த வெள்ளி வேலைக்காரர். முதலில் முக்கோணம், பிறகு புடைப்பு நங்கூரம், 1752 வாக்கில் சிவப்பு நங்கூரம், 1750-களின் கடைசியில் தங்க நங்கூரம் என்று அங்கே முத்திரை மாறிக்கொண்டே வந்தது. அசல் நங்கூரம் மிகச் சின்னது, பெரும்பாலும் அரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். உருவத்தின் பின்பக்கம், அடிமரத்தின் ஓரம் என்று கண்ணில் படாத இடத்தில் போட்டிருப்பார்கள். முத்திரையே போடாமல் விட்டதும் உண்டு. பெரிதாக, பளிச்சென்று, நடு அடியில் தங்க நங்கூரம் இருந்தால்தான் நான் பயப்படுவேன். பாரிஸில் 1845-இல் தொடங்கிய சாம்சன் நிறுவனமும் வேறு பலரும் அப்படித்தான் நகல்களில் போட்டார்கள்.

முன்பக்கத்தையே விதவிதமாக எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அடிப்பக்கம் ஒரு படம்கூட இல்லை. மெத்தையான துணி விரித்து, அதன் மேல் படுக்க வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். துளை இருந்தால் அதன் விளிம்பும் தெரிய வேண்டும். சீட்டைப் பிய்க்காதீர்கள்.

தேம்ஸ்கரை எழுதியது:

நன்றி ஐயா. அடிப்பக்கப் படம் இணைத்திருக்கிறேன். விளிம்பை ஒட்டி மூன்று இடங்களில் மங்கலான, கருமை படிந்த வட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு. நடுவில் ஒரு துளை. வாய் அகன்று உள்ளே குறுகுகிறது, புனல் மாதிரி. பொருள் கைக்கு எதிர்பார்த்ததைவிட இலேசாக இருக்கிறது.

பழம்பொருளகம் எழுதியது:

அப்படியானால் இது இங்கிலாந்தின் டெர்பி நகரத்துத் தொழிற்சாலை வேலை. எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த மூன்று வட்டங்களும் டெர்பி உருவங்களின் அடையாளம். புனல் போன்ற துளையும் அங்கே வழக்கமாகக் காண்பது. பீடத்தில் உள்ள பச்சைநீலத்தை உற்றுப் பாருங்கள், தடிப்பாகத் தீட்டிய இடங்களில் பழுப்பு தட்டியிருக்கும். 1760-களில் டெர்பியில் அந்த நிறம் அவர்களுக்குச் சரியாக வசப்படவில்லை. சேகரிப்பவர்கள் அதை 'அழுக்குப் பச்சைநீலம்' என்றே சொல்வார்கள். இந்த அலைப் பீடமும் அதே காலத்துப் பாணி. 1765-ஐ ஒட்டிச் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சீட்டில் செல்சீ என்று இருப்பதற்கு ஏமாற்று எண்ணம் காரணம் ஆக வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, இப்படி மூன்று வட்டம் உள்ள உருவங்களில் பலவற்றைச் செல்சீ என்றே பட்டியலிட்டு வந்தார்கள். அதற்கு டெர்பியின் வரலாறும் ஒரு காரணம். அதை நடத்திய வில்லியம் டியூஸ்பரி, 1750-களின் தொடக்கத்தில் லண்டனில் பீங்கான் உருவங்களுக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தவர். அப்போதைய கணக்குப் புத்தகமே தப்பிப் பிழைத்திருக்கிறது. செல்சீ, லண்டனின் இன்னொரு தொழிற்சாலையான போ, டெர்பி என்று எல்லா இடத்து உருவங்களும் அவர் பட்டறைக்கு வந்து போயின. 1756-இல் டெர்பியில் கால் ஊன்றினார். 1770-இல் செல்சீயையே விலைக்கு வாங்கி, 1784 வரை இரண்டையும் சேர்த்து நடத்தி, செல்சீயை மூடியபோது அச்சுகளையும் ஆட்களையும் டெர்பிக்குக் கொண்டுபோனார். ஸ்பிரிமான்டுக்கும் டியூஸ்பரிக்கும் நடுவில் கொஞ்ச காலம் செல்சீ யாரிடம் இருந்தது தெரியுமா? ஜேம்ஸ் காக்ஸிடம். ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் தோகை விரிக்கும் மயில் கடிகாரம் இருக்கிறதே, அதைச் செய்வித்த அதே காக்ஸ்.

ஆகவே ஒரே உருவ அமைப்பு பல இடங்களில் வரும். முன்பக்கத்தைப் பார்த்துத் தொழிற்சாலையைச் சொல்ல முடியாது. அடிப்பக்கம்தான் சொல்லும்.

சூளைநெருப்பு எழுதியது:

நான் மண்பாண்டம் வனைபவன், சேகரிப்பவன் அல்ல. அந்த மூன்று வட்டங்கள் எப்படி வந்தன என்று ஒரு வார்த்தை சொல்லட்டுமா.

இந்த உருவங்களை ஒரே அச்சில் எடுப்பதில்லை. தலை, உடல், கைகள், கையில் பிடித்திருக்கும் பொருள், பீடத்துப் பூக்கள் எல்லாம் தனித்தனி. டெர்பியிலும் செல்சீயிலும் கூழ் மாதிரி கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, சுவரில் ஒரு படலம் பிடிக்கும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடாக நிற்கும். கைக்கு இலேசாக இருக்கிறது என்றாரே, காரணம் இதுதான். பிறகு ஒரு தொழிலாளி துண்டுகளை எடுத்து, அதே கூழையே பசையாகப் பூசி ஒட்டி, இணைப்பைத் தேய்த்து மறைத்து, விரலையும் மடிப்பையும் கூர்மையாக்குவார். ஆங்கிலேயர் அவரை 'ரிப்பேரர்' என்றே அழைத்தார்கள். உடைந்ததைச் சரிசெய்பவர் அல்ல, உருவத்தைச் சேர்த்து முடிப்பவர். நிற்கும் சாய்விலும் தலை திரும்பும் கோணத்திலும் இரண்டு உருவங்கள் ஒன்றுபோல் இருக்காததற்கு அவர் கைதான் காரணம்.

முதல் சூட்டில் உருவம் வெந்து கெட்டியாகும். அடுத்து மெருகு, அதாவது கண்ணாடி போன்ற பூச்சு, தோய்த்து மறுபடி சூளை. மெருகு உருகும்போது தட்டோடு ஒட்டிக்கொண்டால் உருவமே போச்சு. அதனால் டெர்பியில் சின்னச் சின்னக் களிமண் உருண்டைகளை வைத்து, அவற்றின் மேல் உருவத்தை நிறுத்தினார்கள். உருண்டை தொட்ட இடத்தில் தடம் விழுந்தது. வண்ணமும் தங்கமும் இதற்குப் பிறகு, குறைந்த சூட்டில்.

ஒருவர் உட்கார்ந்து மூன்று உருண்டை பிடித்து வைத்திருக்கிறார். அதன் தடம் 250 வருஷம் கழித்து நமக்கு ஊரைச் சொல்கிறது. எனக்கு அந்த அடிப்பக்கப் படம் முன்பக்கத்தைவிடப் பிடித்திருக்கிறது.

குமரித்துறை எழுதியது:

போ தொழிற்சாலையாக இருக்க வாய்ப்பே இல்லையா? கலைத்தேவதைகள் என்றாலே போதான் என்று படித்திருக்கிறேன்.

பழம்பொருளகம் எழுதியது:

நல்ல கேள்வி. கிழக்கு லண்டனின் போவில் 1750-ஐ ஒட்டி ஒரு சிற்பி இருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. அவர் செய்த கலைத்தேவதை வரிசையை வைத்து 'மியூஸ் சிற்பி' என்றே ஆய்வாளர்கள் அவரைக் குறிப்பிடுகிறார்கள். உள்வாங்கிய சின்ன முகவாய், பாதி மூடிய கனத்த இமை. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எங்கே பார்த்தாலும் தெரிந்துவிடும். உடலமைப்பில் அவர் அவ்வளவு கெட்டிக்காரர் அல்ல. ஆனாலும் அந்த முகங்களில் ஒரு தூக்கக் கலக்கம் இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடிக்கும். செல்சீயின் பெரிய தங்க நங்கூர உருவங்களுக்கு முன்னால் நின்று பார்த்தும் எனக்கு அந்த நெருக்கம் வந்ததில்லை.

போவில் கூழ் ஊற்றும் முறை இல்லை. களிமண்ணை அச்சில் விரலால் அழுத்தி எடுத்தார்கள். அதனால் சுவர் தடிப்பு, உருவம் கனம். களிமண்ணில் எலும்புச் சாம்பல் வேறு. பல போ உருவங்களின் முதுகில் ஒரு சதுரத் துளை இருக்கும், உலோக மெழுகுவர்த்திக் கிளையைச் செருகுவதற்கு. தம்பியின் உருவத்தில் கனமும் இல்லை, சதுரத் துளையும் இல்லை, முகமும் வேறு.

போவின் உருவங்களை நேரில் பார்க்க வேண்டுமானால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஷ்ரைபர் தொகுப்பைத் தேடிப் பாருங்கள். லேடி ஷார்லட் ஷ்ரைபர் ஐரோப்பா முழுக்கக் கடை கடையாக அலைந்து சேர்த்து, கணவர் நினைவாக 1884-இல் கொடுத்தது. ஆங்கிலப் பீங்கானை யாரும் பெரிதாக மதிக்காத நாளில் அந்தப் பெண்மணி சேர்த்தார்.

யாழ்நங்கை எழுதியது:

டெர்பி என்பது சரி. எனக்கு உறுத்துவது வேறொன்று. இது கிளியோ என்று எப்படி முடிவு செய்தோம்? கையில் உள்ள சுருளை மட்டும் வைத்து.

பழங்கிரேக்கக் கவிஞர் ஹீசியட் தன் பாடலில் ஒன்பது பேரின் பெயரையும் சொல்கிறார், சியூஸுக்கும் நினைவின் தேவியான நெமோசினிக்கும் பிறந்த மகள்கள் என்று. யாருக்கு எந்தக் கலை, கையில் என்ன பொருள் என்பதெல்லாம் ரோமானியர் காலத்தில்தான் மெல்ல நிலைத்தது. யூட்டர்ப்பிக்குக் குழல், தாலியாவுக்குச் சிரிக்கும் முகமூடி, மெல்போமினிக்குச் சோக முகமூடி, யுரேனியாவுக்கு வான்கோளமும் கவராயமும். இவர்களில் குழப்பம் குறைவு. கிளியோ, காலியப்பி, பாலிஹிம்னியா மூவருக்கும் சுருள், பலகை, ஏடு எல்லாம் மாறி மாறி வரும்.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கைவினைஞர்கள் கிரேக்க நூல்களைப் புரட்டிப் பார்க்கவில்லை. சேசரே ரிப்பா என்ற இத்தாலியர் 1593-இல் வெளியிட்ட உருவ விளக்க நூல்தான் ஐரோப்பா முழுக்க அவர்களுக்குக் கையேடு. அதில் கிளியோவுக்கு வாகை இலை முடி, ஒரு கையில் ஊதுகொம்பு, மறு கையில் நூல். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூந்தலில் வாகை இலையே இல்லை. ரோஜா இருக்கிறது, நடுநடுவே சின்னப் பச்சை இலைகள். ரோஜாவும் மிர்ட்டில் என்ற செடியின் இலையும் சேர்ந்த முடி ரிப்பாவில் ஒருத்திக்குத்தான் வரும். அவள் காதல் கவிதைக்குரிய எராட்டோ, யாழ் ஏந்துபவள்.

நம் கோயில் சிற்பத்தில் கை உடைந்திருந்தால் ஆயுதத்தை விட்டுவிட்டு மகுடத்தையும் காலடியில் உள்ள வாகனத்தையும் பார்ப்போம் அல்லவா, அப்படி இதையும் பாருங்கள். அந்த வலது கை அசல் தானா?

நவமணி எழுதியது:

எல்லாரும் கிளியோவைக் கைவிடும் முன் ஒரு செய்தி. டெர்பியில் கிளியோ சாயலில் ஒரு நிஜப் பெண்ணின் உருவமும் செய்தார்கள். கேத்தரின் மெக்காலே.

நம் ஊரில் மெக்காலே என்றால் 1835 கல்விக் குறிப்பு எழுதிய தாமஸ் பாபிங்டன் மெக்காலேதான் நினைவுக்கு வருவார். இவர் அவருக்கு முந்தைய தலைமுறை. 1763 தொடங்கி 1783 வரை எட்டுத் தொகுதிகளாக இங்கிலாந்து வரலாறு எழுதியவர், முடியாட்சியை எதிர்த்தவர், அமெரிக்கக் குடியேற்றங்களின் பக்கம் நின்றவர். 1785-இல் வாஷிங்டனை அவர் வீட்டிலேயே போய்ச் சந்தித்தார். ஒரு பெண் வரலாறு எழுதுவதே அன்று பெரிய விஷயம். தாமஸ் வில்சன் என்ற பாதிரியார் இவர் மேல் வைத்த மதிப்பில், லண்டன் செயின்ட் ஸ்டீஃபன் வால்புரூக் தேவாலயத்துக்குள் 1777-இல் இவருக்குப் பளிங்குச் சிலை நிறுத்தினார். வரலாற்றின் தேவதையாக, சிற்பி ஜான் ஃபிரான்சிஸ் மூர் செதுக்கியது. உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கோயிலுக்குள் சிலையா என்று பெரும் சலசலப்பு. அடுத்த ஆண்டே, 47 வயதில், 21 வயது வில்லியம் கிரகாமை இவர் மணந்துகொண்டார். வில்சனுக்கு அது பொறுக்கவில்லை. சிலை அகற்றப்பட்டது. இப்போது வாரிங்டன் நகரில் இருக்கிறது.

அதே காலத்தில் ரிச்சர்ட் சாமுவேல் என்ற ஓவியர், அப்போது வாழ்ந்த ஒன்பது ஆங்கிலப் பெண்களைக் கலைத்தேவதைகளாக வரைந்தார். லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் உள்ளது. அதிலும் மெக்காலே உண்டு. எழுத்தாளர், பாடகி, ஓவியர் என்று ஒன்பது பேரும் தங்கள் தொழிலால் பெயர் பெற்றவர்கள். ஆண் கவிஞனுக்கு ஊக்கம் தருவதுதான் தேவதைகளின் வேலை என்று இருந்த இடத்தில், அவர்களே எழுதவும் பாடவும் செய்பவர்களாக அந்தப் படத்தில் நிற்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

தேம்ஸ்கரை அண்ணா, உங்கள் உருவம் மெக்காலேயாக இருக்க வாய்ப்பு உண்டா?

பழம்பொருளகம் எழுதியது:

அருமையான தகவல், நவமணி. ஆனால் பொருந்தாது. டெர்பி மெக்காலே ஒரு தூணின் மேல் அடுக்கிய தன் நூல்களில் முழங்கை ஊன்றி நிற்பார். இங்கே நூல்களும் இல்லை, தூணும் இல்லை, வெறும் அடிமரம். காலமும் இடிக்கிறது. அழுக்குப் பச்சைநீலமும் அலைப் பீடமும் 1760-கள், அந்தச் சிலை 1777.

யாழ்நங்கை கேட்ட கேள்விக்கு வாருங்கள். கை அசலா?

ஒட்டுவேலை எழுதியது:

பீங்கான் சீரமைப்பு என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த வயதுள்ள உருவத்தில் விரல், முன்கை, கையில் உள்ள பொருள் மூன்றும் முழுசாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அவைதான், முதலில் போவதும் அவைதான். உடைந்த கைக்குப் புதுக் கை செய்தவர் அந்த உருவம் யார் என்று ஆராய்ச்சி செய்திருக்க மாட்டார். எளிதாகச் செய்ய முடிந்த ஒன்றைக் கையில் கொடுத்திருப்பார். சுருளைவிட எளிதானது எது? ஒரு தகட்டைச் சுருட்டினால் போதும். யாழ் செய்வதென்றால் நரம்பு, வளைவு என்று எவ்வளவு வேலை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சொல்கிறேன். எதையும் சுரண்ட வேண்டாம், அசிட்டோன் பக்கமே போக வேண்டாம்.

இருட்டறையில் புறஊதா கைவிளக்கைப் பிடித்துப் பாருங்கள். பழைய மெருகு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும். மேல்பூச்சு உள்ள இடம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இணைப்பு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தால் அது அரக்கு, பழைய காலத்து ஒட்டு. நீலம் கலந்த வெள்ளை என்றால் பெரும்பாலும் இந்தக் காலத்து எபாக்சி பசை.

அடுத்து, உதட்டை வைத்துப் பாருங்கள். மெருகேறிய பீங்கான் சில்லென்று இருக்கும். பிளாஸ்டரிலோ பிசினிலோ செய்து வண்ணம் பூசிய பகுதி அந்த அளவு குளிராது.

கடைசியாகப் பீடம். பெரிதாக்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு காலடியைச் சுற்றி அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். ஏதாவது உடைந்துபோன தழும்பு இருக்கும். கையைச் சீரமைத்தவர் பீடத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

தேம்ஸ்கரை எழுதியது:

நீங்கள் சொன்னபடியே பார்த்துவிட்டேன்.

புறஊதா வெளிச்சத்தில் வலது முழங்கைக்குக் கீழே ஒரு மெல்லிய ஆரஞ்சு வளையம் பளிச்சென்று தெரிகிறது. அதற்குக் கீழே முன்கையும் சுருளும் முழுக்க வேறு நிறம், மாவு பூசியது மாதிரி. உதட்டில் வைத்தால் குளிர்ச்சி இல்லை. தலையும் கழுத்தும் உடம்போடு ஒரே நிறம்தான், அங்கே வளையம் எதுவும் இல்லை. அப்படியானால் ரோஜா முடி அசல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பீடத்தில் அவளுடைய இடது பாதத்துக்குப் பக்கத்தில் பூக்கள் குவிந்த ஓர் இடம் இருக்கிறது. நடுவில் கட்டைவிரல் நக அளவுக்குப் பச்சைப் பெயின்ட் தடிப்பாகப் பூசியிருக்கிறது. அதுவும் புறஊதாவில் தனியாகத் தெரிகிறது. அதன் விளிம்பில், ஓர் இதழுக்கு அடியில், மிகச் சின்னதாக ஐந்து மேடுகள். இதுவரை பூவின் நுனி என்றே நினைத்திருந்தேன். பக்கவாட்டில் விளக்கை வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். பாருங்கள். எனக்கு அவை கால்விரல்களாகத் தெரிகின்றன.

யாழ்நங்கை எழுதியது:

கால்விரல்கள்தான்! பெருவிரல் தனியாகப் பிரிந்து நிற்கிறது. குழந்தையின் பாதம் அது.

ரிப்பாவின் நூலில் எராட்டோவுக்குப் பக்கத்தில் இறக்கை முளைத்த மன்மதக் குழந்தை நிற்கும். தலையில் ரோஜா முடி, காலடியில் குழந்தை. கிளியோவுக்கு இந்த இரண்டும் கிடையாது. இவள் எராட்டோ. அந்த வலது கையில் முதலில் யாழை மீட்டும் கோலோ வேறு என்னவோ இருந்திருக்கும், அதை நாம் ஊகிக்க வேண்டாம். சுருள் மட்டும் இவளுடையது அல்ல.

குமரித்துறை எழுதியது:

அப்படியானால் பிளாஸ்டர் கையை எடுத்துவிட்டு, சரியான கையைச் செய்து பொருத்தலாமே? மன்மதனையும் திரும்பச் செய்துவிட்டால் உருவம் முழுமையாகிவிடும்.

ஒட்டுவேலை எழுதியது:

செய்ய முடியும். ஆனால் நான் செய்ய மாட்டேன்.

எந்த அளவில், எந்தப் பக்கம் திரும்பி அந்தக் குழந்தை நின்றது? நமக்கு ஒரு பாதம்தான் கிடைத்திருக்கிறது. இதே அச்சில் வந்த சேதமில்லாத டெர்பி எராட்டோ ஒன்று கையில் கிடைத்து, அதிலிருந்து அளவெடுக்க முடிந்தால் பேசலாம். இல்லாவிட்டால் முன்பு ஒருவர் மனம்போனபடி சுருளைக் கொடுத்தார், இப்போது நாம் மனம்போனபடி மன்மதனைக் கொடுப்போம். பார்ப்பவர்கள் அதையும் அசல் என்று நம்புவார்கள்.

பிளாஸ்டர் கையைப் பற்றிச் சொன்னால், அரக்கு ஒட்டு என்பதால் பிரித்தெடுக்கலாம். ஆனால் எடுத்துவிட்டால் முழங்கைக்குக் கீழே மொட்டையாக நிற்கும். அது உங்களுக்குச் சரியா என்று யோசியுங்கள். ஒட்டு உறுதியாக இருக்கிறது, அசல் பீங்கானுக்கு அதனால் கேடில்லை என்றால் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அதுவும் அந்த உருவத்துக்கு நேர்ந்த ஒன்றுதான். பீடத்துப் பச்சைப் பெயின்ட் வேறு விஷயம். அது அசல் பாதத்தை மூடிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்தே ஆக வேண்டும். நீங்களே செய்யாதீர்கள். கீழே பழைய வண்ணமும் தங்கமும் இருக்கலாம், தேர்ந்த ஆளிடம் நுண்ணோக்கியின் கீழ் பஞ்சுக்குச்சியால் எடுக்க வேண்டும்.

தண்ணீரில் முக்கவே கூடாது. பிளாஸ்டர் ஊறினால் கை இளகி உதிரக்கூடும்.

பழம்பொருளகம் எழுதியது:

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை, தம்பி கேட்காவிட்டாலும். ஒரு கை புதிது, பக்கத்துக் குழந்தை இல்லை, செல்சீ அல்ல டெர்பி. சந்தையில் இந்த மூன்றுமே விலையைக் குறைக்கும். இதுபோன்ற உருவங்களுக்கு முன்பு இருந்த கிராக்கியும் இப்போது இல்லை. அதனால் விற்கும் எண்ணத்தில் வாங்கியிருந்தால் வருத்தமாகத்தான் இருக்கும். வைத்துப் பார்க்க வாங்கியிருந்தால், மாற்றிப் போட்ட கையும் மறைந்திருந்த பாதமும் உள்ள உருவத்தில் படிக்க நிறைய இருக்கிறது. வைத்துப் பார்க்க வாங்கியவராக நீங்கள் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி.

அந்தச் சீட்டை அப்படியே விட்டுவிடுங்கள். 'செல்சீ, கிளியோ' என்று ஒருவர் பார்த்த காலத்துக்கு அது சாட்சி. உங்கள் முடிவைத் தனித்தாளில் எழுதி, படங்களோடு கூடவே வையுங்கள்.

தேம்ஸ்கரை எழுதியது:

விற்கப் போவதில்லை ஐயா.

பச்சைப் பெயின்டை மட்டும் எடுக்க ஒரு சீரமைப்பாளரிடம் பேசியிருக்கிறேன். கையையும் சுருளையும் தொட வேண்டாம் என்று எழுதியே கொடுக்கப் போகிறேன். தாளில் இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்: 'எராட்டோ. டெர்பி, 1765-ஐ ஒட்டி. மென்பீங்கான், கூழ் வார்ப்பு. அடியில் மூன்று சூளைத் தடங்கள். வலது முன்கையும் சுருளும் பிற்காலத்துப் பிளாஸ்டர், அரக்கால் ஒட்டியது. இடப்பக்கம் நின்ற மன்மதக் குழந்தை உடைந்துபோயிற்று, ஒரு பாதம் மட்டும் உள்ளது.'

யாழ்நங்கை எழுதியது:

ரோஜா முடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எராட்டோ என்று சொல்வதற்கு அதுவும் ஆதாரம், அது விட்டுப்போகக் கூடாது. சுத்தம் செய்து வந்ததும் அந்தப் பாதத்தின் படம் ஒன்று போடுங்கள் தம்பி. குழந்தை எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்று அதிலிருந்து தெரியலாம்.